ஆறு எண்ணுக்குப் பார்வைக் காசு

"கையை எடு. காசை வை. அப்புறம் பாரு," என்கிறார் புருல்கான் அக்கா. ஜிப் வாங்க வந்த தையற்காரப் பெண் சிரித்துக்கொண்டே பத்து சோம் நோட்டை எடுத்து நீட்டுகிறாள். அக்காவின் கழுத்தில் மூன்று சாமான்கள் தொங்குகின்றன: கண்ணேறு படாமலிருக்க முக்கோணத் தோல் தாயத்து, கன்டெய்னர் கடையின் சாவி, வங்கி கொடுத்த கருவி. தாயத்தையும் சாவியையும் யார் வேண்டுமானாலும் தொடலாம். கருவிக்குத்தான் கட்டணம்.

பெரிய கருவியும் இல்லை. சுண்டுவிரல் நீளம், ஒரு விசை, நகமளவு கண்ணாடி. விசையை அமுக்கினால் ஆறு எண்கள் தெரியும். அரை நிமிடத்தில் அணைந்துவிடும், அதோடு அந்த எண்களும் செல்லாது. போனில் பணம் அனுப்ப வேண்டுமானால் கடவுச்சொல்லோடு இந்த எண்களையும் போட வேண்டும். பிஷ்கேக் நகரத் துணிச் சந்தையில் எங்கள் வரிசை முழுக்க ஆளுக்கொன்று கொடுத்தார்கள். நூல் விற்கும் ஜொல்தோஷ், "இது நாம பேசுறதை ஒட்டுக் கேக்குது" என்று சொல்லி அதை மாவு மூட்டைக்குள் புதைத்தார். பணம் அனுப்புகிற நாளெல்லாம் முழங்கை வரை வெள்ளையாக வந்து நிற்பார். நான் லைனிங் துணி விற்பவன். என்னுடையதை இரும்புப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டினேன். பெட்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று இன்னும் தேடுகிறேன். புருல்கான் அக்கா மட்டும்தான் அதை வீட்டுக்கு வந்த புது மருமகளாக ஏற்றுக்கொண்டார்.

மருமகள் என்றால் இந்த ஊரில் ஒரு முறை இருக்கிறதல்லவா? பிள்ளை பிறந்தாலும், மருமகள் வந்தாலும், புதுத் தொப்பி வாங்கினாலும், முதன்முதலாகப் பார்ப்பவர் பார்வைக் காசு வைக்க வேண்டும். வைக்காதவர் கண் பொல்லாத கண். வாங்கிக்கொண்டு காட்டாதவரோ, கேட்கவே வேண்டாம், சந்தையில் தலைகாட்ட முடியாது. அக்கா வாங்கினார், காட்டினார். அமுக்கி, எண்கள் வந்ததும் குழந்தையின் முகத்துணியை விலக்குவது போல விரலை மெல்ல விலக்குவார். "எப்படி இருக்கா?" என்பார். "மூக்கும் முழியுமா இருக்கா அக்கா!" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சும்மா போனால் அடுத்த முறை பொத்தானில் தள்ளுபடி கிடையாது.

பொத்தான்தான் அவர் பிழைப்பு. கடைப் பலகை முழுக்கத் தட்டுத் தட்டாகப் பொத்தான். ஒரு கிண்ணம் வைக்க இடமிருக்காது. எத்தனை கேட்டாலும் ஒன்று கூடப் போடுவார். "எப்படியும் ஒண்ணு தெறிச்சு விழும்" என்பார். சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடியே, வாயால் பேரம், கையால் எண்ணிக்கை, கண்ணால் எதிர்க்கடை வம்பு என்று மூன்று வேலை பார்ப்பார்.

வங்கியிலிருந்து ஐதாய் என்ற பெண் ஒருநாள் நேரில் வந்தாள். செய்தி போயிருக்கிறது.

"அக்கா, இதை யாருக்கும் காட்டக் கூடாது. எழுதியே குடுத்திருக்கோமே!"

"காட்டாம வச்சிக்க இது என்ன களவா? நானே வரிசையில நின்னு வாங்கினது."

"கடவுச்சொல் என்ன வச்சிருக்கீங்க?"

அக்கா பெருமையோடு, திறந்து கிடந்த ஷட்டர் கதவின் உள்பக்கத்தைக் காட்டினார். சாக்பீஸால், எட்டடி தள்ளியிருந்து படிக்கிற மாதிரி, அவருடைய பசுவின் பெயர். ஐதாய் அந்த இடத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, உங்க கணக்குக்கு இப்ப மிச்சம் இருக்குற பூட்டு அந்த ஆறு எண் ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா பள்ளிக்கூட சீசனுக்குச் சேர்த்து வச்சது மொத்தமும் போச்சு."

அக்கா தலையாட்டிவிட்டு அவளுக்குக் கால் கிண்ணம் தேநீர் ஊற்றினார். இந்த ஊரில் வேண்டிய விருந்தாளிக்கு அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பேச்சை வளர்க்கலாம். கிண்ணம் ததும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். ஐதாய் போன பிறகு பசுவின் பெயரை அழிக்கலாமே என்று கேட்டேன். "அழிச்சா எனக்கு எப்படி ஞாபகம் வரும்?" என்றார். அந்தப் பசு அவர் வீட்டில்தான் நிற்கிறது, தினமும் அவரே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பால் கறக்கிறார்.

செப்டம்பர் நெருங்கியது. பள்ளிச் சட்டைகளுக்கான வெள்ளைப் பொத்தான்களுக்கு அக்கா முழுப் பணத்தையும் கணக்கில் திரட்டி வைத்திருந்த வாரம் அது. போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார்.

"வங்கிப் பாதுகாப்புப் பிரிவுல இருந்து பேசுறேன். உங்க கணக்குல யாரோ புகுந்துட்டாங்க. கருவியை அமுக்கி, வர்ற எண்ணைச் சீக்கிரம் சொல்லுங்க." தேன் தடவிய இளம் குரல்.

"பார்வைக் காசு?" என்றார் அக்கா.

"அக்கா, இது அவசரம்!"

"பிள்ளை பாக்க வர்றவனும் அவசரமாத்தான் வருவான். காசு வைக்காம எவனும் தொட்டிலை எட்டிப் பாத்ததில்ல. உங்க அம்மா உன்னை இலவசமாவா காட்டினா?"

ஜொல்தோஷ் கையை ஆட்டி, வைத்துவிடு வைத்துவிடு என்று சைகை காட்டினார். திடீரென்று அக்காவின் போன் சிணுங்கியது. இருநூறு சோம் வந்து விழுந்திருந்தது. பெரிய மீனுக்காகச் சின்ன மீனைத் தூண்டிலில் மாட்டிவிட்டான்.

காசு வந்துவிட்டது, இனி அக்கா காட்டியே தீர வேண்டும். காட்டினால் பணம் போகும், காட்டாவிட்டால் பேர் போகும். அவருடைய வாய் விதை கடிப்பதை நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

"வந்துச்சா அக்கா? இப்ப எண்ணைச் சொல்லுங்க."

"சொல்றதா? பார்வைக் காசு பாக்குறதுக்குப்பா. சொல்றதுக்குன்னு யாரு காசு குடுப்பா? நேர்ல வா. பொத்தான் வரிசை, பச்சைக் கன்டெய்னர்."

"வீடியோல காட்டுங்களேன்!"

"கல்யாணப் பொண்ணை வீடியோல பாத்துட்டா, வீட்டுல ஆக்கின விருந்தை யாரு தின்னுவா? வா தம்பி, டீ போட்டு வைக்கிறேன்."

"அப்ப என் காசைத் திருப்பிப் போடு!"

"பார்வைக் காசைத் திருப்பினா வீட்டுக்கு ஆகாது," என்று சொல்லி அக்கா அடுத்த விதையைக் கடித்தார். அவன் ஏதோ திட்டிவிட்டு வைத்தான். வரிசையே கைதட்டியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "வாங்கியாச்சு. அவன் வந்தா காட்டணும்," என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் முகம் தெளியவில்லை. அடுத்தவன் கொடுத்த காசு அவரை நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அவன் வந்துவிட்டான். மெல்லிய மீசை, நல்ல காலணி, கையில் விரித்த போன், அதன் மேல் தயாராக ஒரு கட்டைவிரல். ஷட்டரின் உள்பக்கத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"அக்கா, நான் காசு வச்சவன். இன்னும் காட்டலியே."

அதே தேன் குரல். ஜொல்தோஷ் ஷட்டர் கம்பியை எடுத்தார். அக்கா கண்ணாலேயே அவரை உட்கார வைத்தார்.

"காட்டாம விடுவேனா? ஆனா டீ குடிக்காம எவனும் எங்க வீட்டு மருமகளைப் பாத்ததில்ல. போனைப் பையில போடு. ரெண்டு கையாலயும் வாங்கு."

இரண்டு கையால் வாங்காதவன் இந்த ஊரில் மனிதனே இல்லை. கட்டைவிரல் தயங்கியது, போன் பைக்குள் போனது. அக்கா கெட்டிலைச் சாய்த்தார். கால் கிண்ணம், அரைக் கிண்ணம், முக்கால், விளிம்பு, அதற்கு மேலும் ஒரு சொட்டு. கொதிக்கக் கொதிக்க அதை அவனுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்தார். அவன் கிண்ணத்தை இறக்க இடம் தேடினான். பலகை முழுக்கப் பொத்தான்.

அக்கா கருவியை அவன் மூக்குக்கு நேரே பிடித்து அமுக்கினார். விரலை மெல்ல விலக்கினார். ஆறு எண்களும் பளிச்சென்று நின்றன.

"நல்லாப் பாரு. எப்படி இருக்கா?"

அவன் உதடு எண்களை முணுமுணுத்தது. தேநீர் கைமேல் வழிந்தது. அசைந்தால் இன்னும் வழியும். அவன் கண்கள் கிண்ணத்துக்கும் கருவிக்குமாக ஓடின. கடைசியில் சூடு தாங்காமல் குனிந்து ஒரு வாய் உறிஞ்சினான். நிமிர்ந்தபோது எண்கள் அணைந்திருந்தன.

அக்கா கருவியைச் சட்டைக் கழுத்துக்குள் போட்டுக்கொண்டார். பிறகு கெட்டிலை மறுபடி எடுத்து, அவன் உறிஞ்சிய அளவைக் கிண்ணத்தில் ததும்ப நிரப்பினார்.