வேம்பு கட்டிய கண்ணாடி ரூம்

வேம்பு சிறுமியாக இருந்தபோது அவள் அம்மா கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் பாத்திரம் துலக்கினாள். அந்த வீட்டில் கண்ணாடி வைத்த அறை ஒன்று உண்டு. வெராந்தா என்பார்கள். காலை வெயிலில் துரைசாணி அங்கே உட்கார்ந்து பின்னல் போடுவாள். வேம்பு வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். உள்ளே கால் வைத்ததில்லை.

மில்லில் நூல் பிரிவில் வேலை பார்த்து, உப்பளம் பகுதியில் வீடு வாங்கி, நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்த ஆசை போகவில்லை. 1979இல், வீட்டை ஒட்டிக் கிடந்த காலி இடத்தில் அப்படி ஒன்று கட்டத் தீர்மானித்தாள்.

அந்த இடத்துக்குப் பின்னால் ஜெயத்தின் வீடு. அதன் ஒரே ஜன்னல் காலி இடத்தைப் பார்த்து இருந்தது. சாயங்காலக் கடற்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகும். ஜெயத்தின் புருஷன் கொளஞ்சி அதே மில்லில் வேலை பார்த்து, பஞ்சுத்தூசி நெஞ்சில் ஏறிப் படுத்துவிட்டவர். அந்த ஜன்னலோரம்தான் அவர் கட்டில்.

"அவங்களுக்குக் காத்து மறிக்குமே வேம்பு" என்றான் அவள் புருஷன் அரிகிருஷ்ணன்.

"நம்ம எடத்துல நாம கட்டறோம். இதுல என்னா இருக்குது?"

அரிகிருஷ்ணன் போய்க் கொத்தனாரைக் கூட்டி வந்தான். வேம்பு மில்லுக்குப் போன பகல்களில், புதுச் சுவர் காயாமல் தண்ணீர் ஊற்றியது ஜெயம்தான்.

ரூம் முடிந்தது. கிழக்கிலும் மேற்கிலும் திறக்க முடியாத கண்ணாடிகள். தவளக்குப்பத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். வேம்பு அதில் உட்கார்ந்து காபி குடித்தாள். சித்திரையில் உள்ளே நெருப்பாகத் தகித்தது. யாராவது தெருவில் போனால் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சுகமாக இருப்பதுபோல் சாய்ந்துகொள்வாள்.

அப்படிச் சாய்ந்திருந்த ஒரு சாயங்காலம், ஜெயம் கட்டிலைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தாள். புங்கமரத்தடியில் போட்டு, கொளஞ்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து படுக்கவைத்தாள். சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

வேம்புக்கு முகம் எரிந்தது. சட்டென்று எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து மில் விட்டு வரும்போது தெருப்பக்கம் வராமல் பின்சந்து வழியாக வந்தாள்.

ஐப்பசி மழையில் கட்டிலை வெளியே போட வழியில்லாமல் போனது. சுவருக்கு அந்தப்பக்கம் அவர் மூச்சுக்குத் திணறுவது சமையலறைவரை கேட்டது. சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வேம்பு மழையோடு ஜெயம் வீட்டுக்கு ஓடினாள். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"காத்து மறிக்கும்னு கட்டும்போதே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் கெளம்பினேன். அவருதான், சின்ன வயசுலேர்ந்து ஆசப்பட்டது, கெடுக்காதன்னாரு."

வேம்புவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஜெயம் திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள்.

மறுநாள் அவளும் அரிகிருஷ்ணனும் சேர்ந்து எல்லாக் கண்ணாடிகளையும் கழற்றினார்கள். வெறும் மரச்சட்டங்கள் நின்றன. மழை விட்டதும் காற்று அதன் வழியே பாய்ந்து ஜெயம் வீட்டு ஜன்னல் திரையைத் தூக்கியது. கொளஞ்சி அந்த ஜன்னலோரத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தார்.

அவர் காரியத்துக்கு வந்த வேம்புவின் தவளக்குப்பத்து நாத்தனார் சட்டங்களைப் பார்த்து, "என்னாடி, கண்ணாடியெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

பந்திக்குப் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஜெயமும் அதைக் கேட்டு நிமிர்ந்தாள். உண்மையைச் சொல்ல வேம்பு வாயைத் திறந்தாள். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்புக்காத்துல ஆணியெல்லாம் துருப்புடிச்சி வுழுந்துடுச்சி" என்றாள்.

"ஆமா" என்றாள் ஜெயம். "இந்தக் காத்துக்கு எதுதான் நிக்குது?"

வேம்பு தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். குடம் நிறைந்தே இருந்தது.