டியூக் பட்டமும் சீதன வீடும்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரித்தானிய அரச குடும்பத்து டியூக் பட்டங்களைப் பற்றி ஒரு புரொஜெக்ட். எங்கள் நோர்பரி வீட்டுச் சமையலறை மேசை முழுக்க ராஜாக்களின் படங்கள். புட்டுக்கு மா குழைக்க எனக்கு இடமில்லை. எங்களோடு இருக்கும் என் அண்ணை, ஷிப்டுக்குப் போகுமுன் தேத்தண்ணியோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மகள் அவருக்கு விளக்கினாள். ராஜா தன் மகனுக்கு டியூக் பட்டம் கொடுத்தால் அது அந்த மகனின் மூத்த மகனுக்குப் போகும், பிறகு அவருடைய மகனுக்கு. மகள்மார் எத்தனை பேர் இருந்தாலும் கணக்கில் இல்லை. ஆண் வாரிசு இல்லாவிட்டால் பட்டம் அத்தோடு சரி. அரண்மனை அதை இன்னொரு இளவரசனுக்குப் புதிதாகக் கொடுக்கும். யோர்க் பட்டம் பல நூறு வருடமாகத் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனதே இல்லையாம். வைத்திருந்தவர் ஒன்றில் ராஜாவாகிவிடுவார், அல்லது மகனில்லாமல் கண்ணை மூடிவிடுவார்.

“மாமா, கேர்ள்ஸுக்கு ஒண்டுமே இல்லையாம். அன்ஃபேர்!” என்றாள் மகள்.

அண்ணை சிரித்தார். “நான் அங்க பிறந்திருக்க வேணும். எங்கட ஆக்களிட்ட எல்லாம் தலைகீழ்.”

பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் எங்கள் பக்கத்தில் தாயின் சீதன வீடு மகளுக்குத்தான் போகும். அம்மாவின் வீடு அப்படித்தான் எனக்கு வந்தது. வீடு மட்டுமா? அதற்குக் கூரை மாற்றி, மாப்பிள்ளை வீட்டார் கேட்டதையெல்லாம் கொடுத்தது ஜெர்மனியில் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிய அண்ணை. தங்கச்சி கலியாணமாகாமல் இருக்க அண்ணன் கலியாணம் கட்டுவதில்லை. என் கலியாணம் முடிந்து அவருக்குப் பெண் தேடத் தொடங்கியபோது தலை நரைத்திருந்தது. கேட்ட இடத்திலெல்லாம் வயதைச் சொல்லித் தட்டிக் கழித்தார்கள். பிறகு தேடுவதையே நாங்கள் விட்டுவிட்டோம். நாங்கள் என்ன, நான்தான் விட்டேன். எனக்குப் பிள்ளை பிறந்திருந்தது, நேரமில்லை. இப்போது அவர் ஜெர்மனியை விட்டு வந்து எங்கள் சின்ன அறையில் இருக்கிறார். ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி என் அலுமாரியில். என்னைப் போல வெட்கங்கெட்டவள் யார்?

மகள் பசை எடுக்க மேலே போனதும் சொல்லிவிட்டேன்.

“அண்ணை, ஊர் வீட்டை உங்கட பேருக்கு எழுதப் போறன்.”

“உனக்கென்ன விசரே? அது பிள்ளைக்கு.”

“இல்லை. நீங்கள் உழைச்ச வீடு. இவரோடயும் கதைச்சிட்டன்.”

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது, மறைப்பானேன். கொடுத்துவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன்.

அண்ணை எழும்பிக் கோப்பையைக் கழுவி வைத்தார். முகத்தில் கோபமில்லை. சும்மா விசாரிப்பதைப் போலத்தான் கேட்டார்.

“எழுதலாம். எனக்குப் பிறகு ஆருக்கு?”

என் மகளுக்குத்தான், வேறு யார் இருக்கிறார்கள்? அவருக்கென்று ஒரு பிள்ளை இல்லாமல் போனது என்னால்தானே. அவருடைய முகத்தைப் பார்க்காமல் மேசையில் கிடந்த ராஜாக்களின் படங்களை அடுக்கத் தொடங்கினேன்.