ஜான்சியின் வகுப்பில் பின்னால் நிற்பவர்

தமிழும் வரலாறும் படிக்க வந்த பிள்ளைகளுக்கு ‘அடிப்படை எண்திறன்’ என்றொரு தாளைக் கட்டாயமாக்கிய புண்ணியவான் யாரென்று கடலூரில் எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் பாதிக் கல்லூரி மண்ணை வாரித் தூற்றியிருக்கும். கணக்கே வேண்டாமென்று பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவர்களை மூன்று வருஷம் கழித்துக் கணக்கு தேடிவந்து பிடித்துக்கொண்டது. இதில் தேறினால்தான் பட்டம்.

தேறாதவர்கள் பெருகவே, கணிதத் துறைத் தலைவர் சடையப்பன் ‘எண்திறன் ஆதரவு மையம்’ திறந்தார். மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அதன்பிறகு அந்தப் பக்கம் அவர் தலை தெரியவில்லை. மாணவர்கள் அதற்கு ‘ஐசியு’ என்று பெயர் வைத்தார்கள். டூட்டி டாக்டராக ஜான்சி வந்து சேர்ந்தாள். கௌரவ விரிவுரையாளர். சம்பளத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கௌரவம் உண்டு. தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஆலப்பாக்கம் தாண்டும்போது பாதித் தூக்கத்திலிருந்து விழித்து, கடலூரில் இறங்கும் பெண் அவள்.

வேலைக்கு வந்த சில வாரங்களிலேயே அவளுக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியும். கிரிக்கெட்டில் ரன் ரேட் சொல்கிறார்கள், மொபைல் டேட்டாவில் எத்தனை சதவீதம் தீர்ந்தது என்று சொல்கிறார்கள். ஐசியுவுக்குள் வந்து பென்சிலை எடுத்தால்தான் எல்லாம் போய்விடுகிறது. ஏனென்றால் யாரும் தனியாக உள்ளே வருவதில்லை. ஒவ்வொருவரும் கூடவே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

மங்கலம்பேட்டை அருண்பாண்டியன்தான் முதலில் வாயைத் திறந்தான். தமிழ் இலக்கிய மாணவன், வாய் சும்மா இருக்காது.

“மேம், கணக்கு போடறப்பல்லாம் எங்க மாமா வந்துடறாரு.”

“எங்க?”

“மண்டைக்குள்ள. ஏழாம் வாய்ப்பாடு சொல்லுடா மாடுன்னு நிக்கறாரு.”

ஜான்சிக்குப் பாவமாகப் போய்விட்டது. “எப்ப தவறுனாரு?”

“ஐயய்யோ, தவறல மேம். ஊர்ல டிபன் கடை வச்சிக்கினு ஜோரா இருக்காரு.”

“அடுத்த தடவ வந்தாருன்னா ரெண்டு இட்லி பார்சல்னு சொல்லு. போயிடுவாரு.”

போய்விட்டார். உயிரோடு இருப்பவர்களை விரட்டுவது அவ்வளவு சிரமமில்லை.

ஸ்ரீமதியின் விஷயம் அப்படி இல்லை. பெண்ணாடத்துப் பெண், வரலாறு மாணவி. கோயில் சுவரில் பாதி அழிந்துபோன கல்வெட்டை விரலால் தடவியே படித்துவிடுவாள். சிதம்பரத்தில் கல்வெட்டியல் படிக்க அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது. மற்ற தாள்களிலெல்லாம் தேறியாயிற்று. இந்த ஒரு தாளில் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தாள். இந்த முறையும் விழுந்தால் பட்டம் இல்லை, பட்டம் இல்லையென்றால் அந்த இடம் இன்னொருவருக்கு. வராந்தாவில் நடந்துகொண்டே கேட்டால் சரியாகச் சொல்லுகிற பெண், பெஞ்சில் உட்கார்ந்ததும் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு கல்லாகிவிடுவாள்.

அக்கறையுள்ள ஆசிரியர் எதைச் செய்வாரோ அதையே ஜான்சியும் செய்தாள். மற்றவர்களை விட்டுவிட்டு இவள் பின்னாலேயே போய் நின்றாள். நிற்க நிற்க ஸ்ரீமதி இன்னும் குறுகினாள்.

அன்றைக்குக் கொடுத்தது வீராணம் ஏரிக் கணக்கு. ஏரியில் இருக்கும் தண்ணீர் மழையால் இருபது சதவீதம் கூடுகிறது. பிறகு, அப்போது இருக்கும் தண்ணீரில் இருபது சதவீதம் திறந்துவிடப்படுகிறது. பழைய அளவே மிஞ்சுமா? அருண்பாண்டியன் யோசிக்காமல் “மிஞ்சும்” என்றான். ஸ்ரீமதி எழுத ஆரம்பித்தாள். ஜான்சி அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். பென்சில் நின்றுவிட்டது.

“என்னம்மா?”

“மேம்… கொஞ்சம் தட்டாம இருக்கீங்களா?”

“தட்டுறனா? நானா?”

அருண்பாண்டியன் தலையைத் தூக்கினான். “தட்டுவீங்களே மேம். எப்பவும்தான். எங்களுக்குப் பழகிப்போச்சி.”

ஜான்சி தன் கையைப் பார்த்தாள். அது பெஞ்சின் விளிம்பில் இருந்தது. மோதிர விரல் மட்டும் மடங்கி, அடுத்த தட்டுக்குத் தயாராக நின்றது. அந்த விரலில் மோதிரம் கிடையாது. ஒருகாலும் அவள் போட்டதில்லை.

“எங்க ஸ்கூல்ல ஒரு சாரு இப்டித்தான் மேம்,” என்றாள் ஸ்ரீமதி, திரும்பாமலே. “தங்கமானவரு. ஒருத்தரயும் அடிச்சதில்ல. பின்னாடி வந்து நின்னு மோதரத்தால பெஞ்சத் தட்டுவாரு. வெட சொல்ற வரைக்கும் நிறுத்தமாட்டாரு. அதுக்கு நம்மள ரெண்டு அடி அடிச்சிட்டே போயிருக்கலாம்னு தோணும். அவரு செத்தப்ப ஊரே அழுதுச்சு மேம். நான் மட்டும் அன்னிக்கி நல்லா தூங்குனேன். அதான் வந்து நிக்கறாரு போல.”

“எந்த சாரு?”

“ஆரோக்கியராஜ் சாரு.”

ஜான்சி கையை எடுத்துப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள். ஆரோக்கியராஜ் அவள் அப்பா. பெண்ணாடத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகு சிதம்பரத்தில் வீடு கட்டி, அந்த வீட்டிலேயே கண் மூடியவர். அதை அவள் அங்கே சொல்லவில்லை. பெல் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவரில் மாலையோடு அப்பா இருந்தார். ‘பிரம்பு தொடாத பேராசான்’ என்று பழைய மாணவர்கள் போட்டுக்கொடுத்த படம்.

“அப்பா என்னய அடிச்சிருக்காராம்மா?”

“உன்னயா? யாரயுந்தான் அவுங்க தொட்டதில்லயே. எல்லாம் ஒரு தட்டுதான். கப்புனு வழிக்கு வந்துடுவீங்க.”

“பின்ன ஏம்மா சாப்பாட்டு மேசையில கதவுக்கு முதுகு காட்டி என்னால உக்கார முடியல?”

“காத்தடிக்குது, அதான்,” என்று சொல்லிவிட்டு அம்மா கீரைத்தட்டோடு உள்ளே போனாள்.

மறுநாள் ஜான்சி ஐசியுவுக்குள் போகும்போது இரண்டு கைகளாலும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ரீமதி அதே ஏரியைப் போட ஆரம்பித்தாள். பாதியில் கழுத்து குறுகியது.

“இப்ப மேம் தட்டல,” என்று அருண்பாண்டியன் சாட்சி சொன்னான். “நான் பாத்துக்கினுதான் இருக்கேன்.”

“தெரியும்,” என்றாள் ஸ்ரீமதி. “ஆனா கேக்குது.”

தட்டும் சத்தம் எதுவும் ஜான்சியின் காதில் விழவில்லை. ஆனால் பாட்டிலைச் சுற்றியிருந்த விரல்களில் ஒன்று, சத்தம் வராதபடி, துடித்துக்கொண்டிருந்தது.

“எந்திரி,” என்றாள். “நீ போர்டுகிட்ட போ. நான் உன் எடத்துல உக்கார்றேன். எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. நீ சொல்லிக்குடு.”

ஜான்சி கதவுக்கு முதுகு காட்டி அவள் இடத்தில் உட்கார்ந்தாள். ஸ்ரீமதி போய் நின்றாள். முதுகுக்குப் பின்னால் கரும்பலகை, அதற்குப் பின்னால் சுவர். ஒரு ஆள் நிற்க அங்கே இடமில்லை. தோள்கள் மெல்ல இறங்கின. ஏரி ஒன்று வரைந்தாள். உள்ளே நூறு என்று எழுதினாள். “மழ பேஞ்சி நூத்தியிருபது ஆயிடுச்சி. இப்ப இருபது சதவீதம் தெறக்கறாங்க. எதுல இருபது சதவீதம், மேம்?”

ஜான்சி வாயைத் திறந்தாள். எம்.எஸ்சி., எம்.பில். விடை நாக்கு நுனியில் இருந்தது. பிடரியில் சில்லென்று ஏதோ படிந்தது. யாரோ மிகப் பொறுமையாக, மிக அன்பாக, அவள் முதுகுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தார். சிறுமியாகச் சாப்பாட்டு மேசையில் கணக்கு போடும்போது பின்னால் நின்ற அதே நிற்பு; விடை சரியாக வந்தால்தான் முன்னால் வந்து முகம் காட்டுவார். தான் கணக்கு படித்தது ஆசையால்தான் என்று அவள் இத்தனை காலம் நம்பியிருந்தாள். அந்த மனிதரை முன்பக்கமாக வரவழைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான் என்பது, அந்த உடைந்த பெஞ்சில்தான் அவளுக்கு உறைத்தது.

“மேம்?”

“தெரியல,” என்றாள். “பின்னாடி… எங்கப்பா.”

ஸ்ரீமதியின் கையில் சாக்பீஸ் நின்றது. “யாரு மேம் உங்கப்பா?”

“உங்க சாரு.”

“ஐயோ. நான் வேற நல்லா தூங்குனேன்னு…”

“விடு ஸ்ரீமதி,” என்றான் அருண்பாண்டியன். “சாரு உங்கிட்டேருந்து டிரான்ஸ்பர் வாங்கிட்டாரு.”

யாரும் சிரிக்கவில்லை, அவனும்தான். ஸ்ரீமதி கொஞ்ச நேரம் ஜான்சியையும், ஜான்சிக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல, “அவசரமில்ல மேம். நாம மெதுவா போலாம்,” என்றாள். “நூத்தியிருபதுல இருபது சதவீதம் இருபத்துநாலு. இருபது இல்ல. ஏறினப்ப கம்மியா இருந்துச்சி, எறங்கறப்ப ஜாஸ்தியா இருக்குது. அதனால தொண்ணூத்தாறுதான் மிஞ்சும். பழைய ஏரி வராது.”

ஸ்ரீமதி தேறினாள். மார்க்கைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது, ஆனால் தேறினாள். இப்போது சிதம்பரத்தில் படிக்கிறாள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் ஜான்சியிடம் நின்று பேசுகிறாள், அவள் தோளுக்குப் பின்னால் மட்டும் பார்ப்பதில்லை.

அதன்பிறகு ஐசியுவில் எல்லோருக்கும் இதே வைத்தியம்தான். பிள்ளைகள் சுவரோரம் நின்று சொல்லிக்கொடுக்க, ஜான்சி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறாள். தேறுபவர்கள் கூடியிருக்கிறார்கள். சடையப்பன் இதற்குப் ‘புதுமைக் கற்பித்தல் நெறி’ என்று பெயர் சூட்டி ஏதோ விருதுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். போட்டோ எடுக்க ஒருமுறை உள்ளே வந்தவர், “கதவுப் பக்கம் ஏம்மா முதுகக் காட்டி உக்கார்ற? இப்டித் திரும்பு, மூஞ்சி நல்லா விழும்,” என்றார்.

“வேணாம் சார்,” என்றாள் ஜான்சி. “இப்டியே எடுங்க.”

பிடரியில் அந்தக் குளிர் அப்படியேதான் இருந்தது. அவள் இதுவரை திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பி, அங்கே யாருமே இல்லையென்றால் அப்புறம் அவள் யாருக்காகக் கணக்கு போடுவது?