மூடி வைத்த கோப்பை

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். நான் குடிக்கிறவன் இல்லை. பேய் பிசாசு என்று கதைத்தவர்களைப் பார்த்துச் சிரித்துத் திரிந்தவன். ஆனால் 1996 ஆவணியில் கொட்டாஞ்சேனையில் எனக்கு நடந்ததை, பெற்ற தாய் மேல் ஆணையாக, ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன்.

லண்டனில் படிக்க இடம் கிடைத்து, விசாவுக்காகக் கொழும்பில் காத்துக் கிடந்த காலம். யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு அந்த நாளில் யார் அறை தருவார்கள்? பத்து வீட்டுப் படி ஏறி இறங்கின பிறகு மெற்றில்டா அன்ரிதான் இரக்கப்பட்டார். தனி மனுசி. மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறை, காலையும் இரவும் சாப்பாடு. ஒரே ஒரு சட்டம். இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் பின்னேரம் ஐந்து மணிக்குள் உங்கள் கோப்பையை மேசையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வேண்டாமென்றால் கவிழ்க்க வேண்டும். எங்களுக்குக் கோப்பை என்றால் சோறு சாப்பிடும் தட்டு. நான் ஒரு நாளும் கவிழ்த்தது கிடையாது. பசி அப்படி.

மற்றக் கட்டில் வரதராசா என்ற பெடியனுடையதாம். அவனும் வெளிநாட்டில் படிக்கப் போகிறவனாம். "அவன் வரப் பிந்தும் தம்பி, நீர் சாப்பிடும்" என்பார் அன்ரி. நீலக் கரை போட்ட அவனுடைய எனாமல் கோப்பை எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். அன்ரி அதில் சாப்பாட்டைப் போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி வைப்பார். நான் படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பாதவன். காலையில் பார்த்தால் கோப்பை காலி. விளிம்பில் மட்டும் கறிவேப்பிலைகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, வரிசையாக அடுக்கியிருக்கும். நல்ல விசரன், கிறுக்கன் என்று நினைத்துக்கொள்வேன்.

பதினேழு நாள் ஒரே அறை. அவன் முகத்தை நான் ஒருமுறையும் காணவில்லை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எம்பசி, ஏஜென்சி என்று அலைந்த எனக்கு அதை யோசிக்க நேரமும் இல்லை.

நான் பயந்தது வேறொன்றுக்கு. கதவுக்குப் பின்னால் தொங்கிய பொலிஸ் பதிவுத் தாளுக்கு. வீட்டில் தங்குகிறவர்கள் என்று அதில் மூன்று பெயர்கள்: அன்ரி, வரதராசா, நான். பொலிசும் ஆமியும் செக்கிங் வந்தால் தாளில் உள்ள தலைகளும் வீட்டில் உள்ள தலைகளும் ஒத்துவர வேண்டும். ஒன்று குறைந்தால், அவன் எங்கே என்று கேட்டு, இருக்கிறவனை அள்ளிக்கொண்டு போவார்கள். அடுத்த வீட்டுப் பெடியன் அப்படிப் போய் நாலு நாள் கழித்துத்தான் வந்தான்.

ஒருவழியாக விசா வந்தது. சனிக்கிழமை காலை 9.40க்குப் பிளேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் 6.55க்குக் கரண்ட் போனது. அந்த வருசம் அது ஒரு புதினமில்லை. அன்ரி மெழுகுதிரி கொளுத்தி, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். எனக்கு எதிரே வரதராசா இருக்க வேண்டிய வெறுங்கதிரை. அதற்கு முன்னால் மூடிய கோப்பை.

ஒருவருடைய சாப்பாடு முன்னால் இருக்க, அவரைக் கூப்பிடாமல் சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. சந்தோசம் வேறு தலைக்கேறியிருந்தது. பகிடிக்குத்தான் சொன்னேன்.

"வரதண்ணை, வாங்கோ சாப்பிடுவம். நாளைக்கு நான் போறன். நீங்களும் என்னோட லண்டனுக்கு வாங்கோவன்!"

அன்ரியின் கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"அப்பிடிக் கூப்பிடாதையும் தம்பி."

"ஏன் அன்ரி?"

7.12க்கு வெளியே ஜீப் சத்தம். நாய்கள் குரைத்தன... பிறகு எல்லாம் ஒன்றாக நிறுத்தின.

டக். டக். டக்.

செக்கிங். தாளில் மூன்று பேர். வீட்டில் இரண்டு பேர். நாளைக்கு 9.40... போச்சு. எல்லாம் போச்சு.

ஒரு பொலிஸ்காரரும் துவக்கோடு இரண்டு ஆமிக்காரரும் உள்ளே வந்தார்கள். பொலிஸ்காரர் தாளை வாங்கினார். என் முகத்தில் டோர்ச் அடித்தார். பிறகு அன்ரியின் முகத்தில். பிறகு... எதிரே இருந்த வெறுங்கதிரையில்.

வெளிச்சம் அங்கேயே நின்றது.

"துன்தெனய். ஹரி" என்றார் சிங்களத்தில். மூன்று பேர், சரி.

என் கண்ணுக்கு அந்தக் கதிரையில் யாருமில்லை.

போகும்போது அவர் அந்தக் கதிரையைப் பார்த்துத் தன்மையாகச் சொன்னார்.

"கன்ன மல்லி, கன்ன."

சாப்பிடு தம்பி, சாப்பிடு.

கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

அப்போது கேட்டது... எனாமலில் நகம் உரசும் சத்தம்.

கிரீச்... கிரீச்...

மேலே மூடியிருந்த கோப்பை இப்போது பக்கத்தில் கிடந்தது.

புட்டில் நாலு விரல் பள்ளம்.

விளிம்பில் ஒரு கறிவேப்பிலை.

பார்த்துக்கொண்டிருக்க...

இரண்டு.

7.31க்குக் கரண்ட் வந்தது. கதிரையில் யாருமில்லை. கோப்பை காலி. அன்ரி அழுதுகொண்டிருந்தார்.

"ரெண்டு வருசம் தம்பி. போறதுக்கு முதல்நாள், அங்க குளிருமெண்டு சுவெற்றர் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனவன். வழியில ஆமிக்காரர் பிடிச்சிட்டாங்கள். நான் ஏறாத பொலிஸ் ஸ்டேசன் இல்லை. தாளில அவன்ர பேரை வெட்டினா, அவன் செத்துப்போனான் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரித்தானே? அதுதான் வெட்டேல்லை."

"அப்ப... இவ்வளவு நாளும் செக்கிங் வரேக்க?"

"ஒருநாளும் ஆள் குறையேல்லை தம்பி."

கோழை என்று சிரியுங்கள், பரவாயில்லை. நான் மாடிக்கு ஏறவில்லை. என் பெட்டியையும் அன்ரிதான் இறக்கித் தந்தார். விடியும்வரை குசினியில் அவர் பக்கத்திலேயே இருந்தேன். பிளேன் எழும்பியபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

லண்டனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வீட்டில், இரவுச் சாப்பாட்டோடு அறை. முதல்நாள் கீழே இறங்க அரை மணித்தியாலம் பிந்திவிட்டது. மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்று நிறைய, ஒன்று காலி.

"ஒருவருக்குத்தான் அறை கேட்டாய். பரவாயில்லை, உன் சிநேகிதன் நல்ல அமைதியான பெடியன்" என்றாள் கிழவி.

காலித் தட்டைப் பார்த்தேன்.

விளிம்பில் பச்சைப் பட்டாணி. வரிசையாக... ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக.

மூன்று கிழமை கழித்து அன்ரியின் கடிதம் வந்தது. அதை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

"அன்புள்ள தம்பி கதிர்காமநாதன், நீர் போன நாளிலிருந்து நீலக் கோப்பையில் போடுகிற சாப்பாடு விடியுமட்டும் அப்படியே கிடக்கிறது. நேற்றுப் பொலிசுக்குப் போய் வரதனின் பெயரை வெட்டச் சொல்லிவிட்டேன். அவன் இப்போது இந்த வீட்டில் இல்லைத்தானே. தம்பி, அவன் சுவெற்றர் இல்லாமல் வந்திருக்கிறான். ஒன்று வாங்கிக் கொடும்."