பயந்தால் கால் கனக்கும்

நல்லமுத்துவின் காலை முறித்தவன் நான்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். உன் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது. கூடைப்பந்து ஆடும்போது கால் முறிவது ஊரில் இல்லாத அதிசயமா என்று நீ கேட்கலாம். எம்பியவன் சரியாக இறங்கவில்லை, கால் பிசகிவிட்டது என்றுதான் அன்று ஆடுகளத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் நம்பினார்கள். முறிந்தவனும் அப்படித்தான் நம்பினான்... இன்றும் நம்புகிறான். அதுதான் என்னைத் தின்கிறது!

நான் குள்ளன். முதலில் இதைத் தெரிந்துகொள். மற்ற எல்லாமே இதிலிருந்து முளைத்தவை. சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூட நாளிலேயே குழித்தறியில் உட்கார்ந்து பழகியவன். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தக் கல்லூரியில் எனக்கு வைத்த பெயர் அரைப்படி. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவேன். வேறென்ன செய்வது?

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எங்கள் பக்கத்துக்குக் கூடைப்பந்து புதிது. களிமண் தரையை உருளை போட்டு அமுக்கி, சுண்ணாம்பில் கோடு இழுத்து ஆடுவோம். எல்லோருக்கும் வெறுங்கால்தான். இதை மறந்துவிடாதே... வெறுங்கால்!

பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே போய், நிற்பவர்களுக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு உயரம் தேவையில்லை. அதில் என்னை மிஞ்ச எங்கள் கல்லூரியில் ஆள் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள இன்றும் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் பந்து எதிரணியின் கைக்குப் போன மறுகணம் எனக்குப் பயம் தொடங்கும். எதிரணியில் பந்தைக் கொண்டு வருகிறவனை நான் மறிக்க வேண்டும். அவனோ என்னைவிட ஒரு தலையாவது உயரமாக இருப்பான். நின்ற இடத்தில் எம்பி எறிந்தால் போதும், பந்து என் விரல்களுக்கு மேலே சாவகாசமாகப் போகும். நான் கையை நீட்டியபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பந்து தலைக்கு மேல் போகும் அந்த ஒரு கணத்துக்காக எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன் தெரியுமா?

குள்ளன் மறிக்க நேர்மையான வழிகள் இல்லாமல் இல்லை. எனக்கு அவை எல்லாம் தெரியும். முழங்காலை மடித்துத் தாழ நிற்க வேண்டும். தரையில் படும் பந்துக்கு உயரமானவனைவிட நாம்தானே பக்கம்! அவன் பந்தைத் தட்டும் கைப்பக்கமாகவே நின்று, அவனைக் கோட்டோரமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கூடைக்கு வெகு தொலைவிலேயே பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க விடாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். எம்பிய பிறகு அவனைத் தடுக்க முடியாது. எம்பும் முன்பே அவன் நினைப்பைக் கெடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தேன். நாய்போல ஓடினேன். இருந்தும் கடைசியில் அவன் நிமிர்ந்து எம்பிவிட்டால் எல்லாம் வீண்.

அப்போதுதான் என் இடது கால் ஒரு வழி கண்டுபிடித்தது.

தறியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். கண் துணியின்மேல் இருக்கும், கை ஊடிழை நாடாவை இரு பக்கமும் ஓட்டும், குழிக்குள் கால்கள் தாமாகவே மிதிப்பலகையைத் தேடி அழுத்தும், விடும். குனிந்து பார்த்து மிதிக்கிறவன் தறிக்காரனே அல்லன். அந்தக் கால் எனக்கு இருந்தது. எதிராளி எம்புவதற்காக முழங்காலை மடிக்கும் நேரத்தில் அவனுடைய பெருவிரலின்மேல் என் முன்பாதத்தை வைப்பேன். ஓர் அழுத்து, உடனே விடுவேன். அவ்வளவுதான்! அவன் எம்புவது ஒரு நொடி பிந்தும்; எறி தவறும். அந்த நேரத்தில் என் இரண்டு கைகளும் வானத்தை நோக்கி விரிந்திருக்கும். நடுவர் கைகளைத்தானே பார்ப்பார்? என் கை யார்மீதும் பட்டதே இல்லை. ஆட்டத்தின் வேகத்தில் கால்மேல் கால் பட்டதை எவன் பெரிதாக நினைப்பான்?

அரைப்படி எப்படியடா மறிக்கிறான் என்று வியந்தார்கள். நானும் கொஞ்சம் வியந்துகொண்டேன். வெட்கக்கேடு!

இந்த நேரத்தில்தான் நல்லமுத்து வந்து சேர்ந்தான். நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர் வீட்டுப் பிள்ளை. எனக்கு இரண்டு வகுப்பு இளையவன். பனைமரம்போல வளர்ந்திருந்தான், பேச்சோ அத்தனை பணிவு. விடுதியில் என் அறையிலேயே போட்டார்கள். எனக்குத் துணி துவைத்துப் போடுவான். வேண்டாமென்றால் கேட்க மாட்டான். பந்து தட்ட அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கற்றுக்கொண்டான்... நான் பயப்படும் அளவுக்குக் கற்றுக்கொண்டான்.

பயிற்சி ஆட்டங்களில் அவனை மறிக்கும் பொறுப்பு எனக்கே வரும். அவன் பெருவிரலும் என் காலுக்குப் பழக்கமாயிற்று. ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் என் எதிரே உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"ஏனுங்ணா, மத்தவங்க மறிக்கறப்ப நல்லாத்தான் தாவறேன். உங்களுக்கு முன்னால தாவறப்ப மட்டும் காலு கனமா இருக்குதுங்க. தரையோட ஒட்டிக்கறாப்பல இருக்குது. எனக்கு என்ன கொறைங்ணா?"

தெரிந்து கேட்கிறானா? அவன் முகத்தைப் பார்த்தேன். அங்கே கள்ளம் எதுவும் இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்... சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால்கூட அவன் மன்னித்திருப்பான்!

"பயம்டா தம்பி" என்றேன். "மனசுல பயம் இருந்தா காலு கனக்கும். வேற ஒண்ணுமில்ல."

"அப்படீங்களா..." என்று தலையை ஆட்டிக்கொண்டான். என்னை அவன் நம்பாமல் வேறு யாரை நம்புவான்?

திருச்சியில் கல்லூரிகளுக்கிடையே போட்டி வைத்தார்கள். பந்தைக் கொண்டுபோக ஒருவன்தான் வேண்டும்: நானா, நல்லமுத்துவா? தேகப்பயிற்சி ஆசிரியர் எங்கள் இருவரையும் எதிரெதிர் அணியில் நிறுத்தினார். "அவன் உன் தலைக்கு மேல போட்டுக்கிட்டே இருந்தா, உன்னைத் திருச்சிக்குக் கூட்டிப் போயி நான் என்னடா பண்றது?" என்று என்னிடம் பளிச்சென்று கேட்டுவிட்டார். நான் ரயிலேறப் போகிற செய்தியை அதற்குள் எங்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார் என் அப்பா. போகவில்லையென்றால் அந்தத் தெருவில் எப்படி நடப்பேன்?

வெயில் தாழ்ந்த பிறகு ஆட்டம் தொடங்கியது. முதலில் நேர்மையாகத்தான் மறித்தேன். இதை நீ நம்ப வேண்டும். தாழ்ந்து நின்றேன், ஓரத்துக்குத் தள்ளினேன், ஒட்டிக்கொண்டு ஓடினேன். அவன் எம்பினான். பந்து என் தலைக்கு மேலே போய்க் கூடையில் விழுந்தது. அடுத்த முறையும் அதேதான். யாரோ "அரைப்படி, முக்காலி வேணுமா?" என்று கத்தினான். சிரிப்பு அலையாக வந்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பல்தான் எனக்குள் எதையோ அறுத்துவிட்டது.

அடுத்த முறை அவன் முழங்காலை மடித்தபோது என் இடது கால் போய் அமர்ந்தது.

இப்போது சொல்லப் போவதைக் கவனித்துக் கேள். தறியில் இழை அறுந்துவிட்டால் நெய்கிறவனின் கால் மிதியை விடாது. அழுத்திப் பிடித்தபடியே நிற்கும். கை போய் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடும்வரை கால் அசையாது. சிறு வயதிலிருந்து என் உடம்பில் ஊறிய பழக்கம் அது. ஏதாவது கெட்டுப்போயிற்று என்ற பயம் வந்தால் கால் இறுகும். அன்று எனக்குப் பயம் வந்தது. விட வேண்டிய நேரத்தில் கால் விடவில்லை... அழுத்தியது! முழு உடம்பின் எடையோடும் அழுத்தியது!

அவன் உடம்பு மேலே கிளம்பியது. பாதம் என்னிடம் இருந்தது. உடம்பு திருகிக்கொண்டு விழுந்தது. காய்ந்த மிளாறு ஒடிவதுபோல ஒரு சத்தம். அவன் அலறவில்லை. "ஐயோ, சாமி..." என்று மெதுவாகச் சொன்னான்.

என் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. நடுவராக நின்ற மாணவன் ஓடிவந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "அரைப்படி மேல தப்பில்ல. கையே படல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நல்லமுத்துவை முதலில் தூக்கியவன் நான்தான். எதற்கென்று கேட்காதே. அன்பா, அச்சமா... இன்றுவரை எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர் வீட்டுக்கு நாலைந்து பேராகச் சுமந்து போனோம். அவர் மூங்கில் பத்தைகளை வைத்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசிக் கட்டினார். நல்லமுத்து என் கையை விடவே இல்லை. கட்டி முடிக்கும் தறுவாயில் வைத்தியர் அவன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது.

"முறிஞ்சது கணுக்காலு. இந்த நகம் எப்படி நசுங்குச்சு? மேல கல்லு கில்லு விழுந்துச்சா?"

நல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டே, "தெரியலீங்க" என்றான். வைத்தியர் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். என் முகத்தையா, காலையா? "தம்பி, அந்தச் செம்பை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் பாதி தரையில் சிந்தியது.

அவனுடைய தகப்பனார் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து அவனை ஊருக்கு அழைத்துப் போனார். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அவன் கல்லூரிக்குத் திரும்பவில்லை.

நான் திருச்சிக்குப் போனேன்.

அங்கே அந்தக் காலைத் தொழுவத்தில் கட்டிப் போட்ட மாடுபோல அடக்கி வைத்தேன் என்று சொன்னால் நீ என்னைக் கொஞ்சமாவது மன்னிக்கக்கூடும். ஆனால் பொய் சொல்ல இதை எழுதவில்லை. திருச்சியிலும் அதே இடது காலை வைத்தேன்... வேறொரு பிள்ளையின் பெருவிரல்மேல்! இம்முறை சரியான நேரத்தில் எடுத்துவிட்டேன். எங்கள் அணி வென்றது. ஆசிரியர் என் முதுகில் தட்டினார்.

காலம் ஓடியது. படிப்பு முடிந்து நூல் வியாபாரத்தில் இறங்கினேன். நாமக்கல் பக்கம் போகாமலே பல வருஷம் சமாளித்தேன். போன தை மாதம் தவிர்க்க முடியாமல் போக வேண்டியதாயிற்று. பஸ் நிற்கும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்ணா! நம்ம அண்ணந்தானுங்களே?"

கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் அந்தத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து என்னை நோக்கி வந்தது. ஓடிவிடலாமா என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்!

வீட்டுக்கு வந்தே தீர வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனான். அவனுடைய தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ற பையனத் தோள்ல தூக்கிட்டுப் போன சாமி நீங்கதானா? சாப்புடுங்க சாமி, கூச்சப்படாதீங்க" என்று அள்ளி அள்ளி வைத்தார்கள். இலையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் தின்று முடித்தேன்.

சாப்பிட்டபின் கிணற்றடிக்குப் போனோம். அவன் தம்பி மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிக்கொண்டிருந்தான். மாடுகள் சரிவில் இறங்க, அவன் வடக்கயிற்றின்மேல் தாவி உட்கார்ந்து இறங்கினான். நல்லமுத்து அதைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பேசினான்.

"எனக்குக் கவலை ஓட்ட வராதுங்ணா. இந்தக் காலை வெச்சுக்கிட்டு வடத்துல தாவ முடியாதுங்க. காலுகூடப் பரவால்லீங்க... கெணத்துப் படியில எறங்கறப்பவே மனசு நடுங்குது. அன்னைக்கு நீங்க சொன்னீங்களே, பயம் இருந்தா காலு கனக்கும்னு. அது நெசந்தானுங்ணா. அன்னைக்குத் தாவறப்பக் காலு கல்லாட்டம் கனத்துச்சு. நான் பயந்துட்டேன். பயந்துதான் உளுந்தேன். என்ற ஊட்டுல யாருக்கும் இது தெரியாது. உங்ககிட்டத்தான் சொல்றேன்."

அவன் என்னிடம் ஒப்புக்கொண்டான்! செய்யாத குற்றத்தை, செய்தவனிடம்!

வாயைத் திறந்தேன். உனக்குச் சொன்ன இந்த முதல் வரி என் நாக்கு நுனிவரை வந்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அன்று சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்த அதே பார்வை. என் இடது கால் செருப்புக்குள் இறுகியது.

"அதையெல்லாம் மறந்துரு தம்பி" என்றேன்.

என் பயத்தை எடுத்து அவனுக்குள் வைத்துவிட்டேன். அவன் அதைத் தன்னுடையதென்று நினைத்துச் சுமக்கிறான். எனக்காவது அது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. தபால்காரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதறுகிறேன். சாய்ந்து நடக்கிற எவனைக் கண்டாலும் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன்.

நீ என்றாவது நாமக்கல் பக்கம் போக நேர்ந்தால், கிணற்றடியில் ஓர் உயரமான மனிதன் படி இறங்கத் தயங்கி நிற்பதைக் காணலாம். அவனிடம் சொல்லிவிடு... அவன் பயந்தவன் இல்லை என்று சொல்லிவிடு.

இல்லை, வேண்டாம். நான் இருக்கும்வரை வேண்டாம்...