ஆயுதபூஜை அன்று ஊமையான படம்

படம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். திரையில் ஒருத்தி வாயைத் திறந்து அழுதாள், சத்தம் வரவில்லை. கடல் எழுந்து பாறையில் மோதியது, சத்தம் வரவில்லை. ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னலில் மாமாவின் முதுகு அப்படியே நின்றுவிட்டது. எனக்கு ஒன்பது வயது. வலது கைச் சுண்டுவிரல் நகத்துக்குள் இன்னும் சிவப்பு இருந்தது. வாயில் வைத்துச் சப்பினேன். குங்குமம் கசந்தது.

அன்று ஆயுதபூஜை. திருவொற்றியூரில் ஆலைகள் அடைத்து, லாரிகள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நிற்கிற நாள். தியேட்டர் பிதுங்குகிற நாள். அம்மாவின் தம்பியான மாமாதான் அங்கே ஆபரேட்டர். நகரத்தில் மூடிப்போன ஒரு பெரிய தியேட்டரிலிருந்து ஒரு பழைய சவுண்டுப் பெட்டியை முதலாளியிடம் சொல்லி வாங்கவைத்திருந்தார். படத்தின் சத்தத்தை இடம், வலம், பின்பக்கம் என்று பிரித்துக் கொட்டும் பெட்டி. அதைப் பொருத்தி முடிக்கும்வரை மூன்று நாள் அவர் வீட்டுக்கே வரவில்லை. "சவுண்டு வரலன்னா என்னிய அனுப்பிடுங்க" என்று முதலாளியின் தம்பியிடம் வாக்குக் கொடுத்தும் வைத்திருந்தார். அதன் முதல் காட்சி இது.

நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். பொட்டு வைத்தால் அம்மா கன்னத்தைப் பிய்த்துவிடுவாள். எனக்கோ குங்குமத்தின்மேல் அடங்காத ஆசை. காலையில் பூஜை முடிந்து பூசாரி இறங்கிவிட்டார், மாமா டீ குடிக்கப் போய்விட்டார், ஆபரேட்டர் அறையில் பூஜைத் தட்டு மட்டும் கிடந்தது. நெற்றிக்குத்தானே தடை, மிஷினுக்கு இல்லையே. பூசாரி மறந்த இடங்களாகத் தேடித் தேடிச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். இரண்டு புரொஜெக்டரிலும் கீழ்க்கதவைத் திறந்தால் ஓர் உருளை; அதன் பின்னால், என் சுண்டுவிரல் மட்டுமே நுழையும் சந்தில், பொட்டளவு கண்ணாடி. பாவம், கண் மாதிரி இருந்தது. இரண்டுக்கும் வைத்தேன். பிலிமின் ஓரத்தைத் துளைத்து வரும் வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் விழுந்துதான் சத்தமாகிறது என்பதை நான் எங்கே கண்டேன்? மாதா கோபித்துக்கொண்டு சத்தத்தைப் பிடுங்கிக்கொண்டாள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

கீழே விசில் பறந்தது.

"டேய் ஆபரேட்டரு, இன்னாடா ஊமப் படம் காட்டிகினு கீற?"

"சவுண்ட வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா மாமு? போய் எட்த்துகினு வா, குந்திகினு கீறோம்!"

காசிமேட்டுப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவரை பயமில்லை. சிரிப்பு நின்று, நாற்காலிகளை ஒரே தாளத்தில் தட்டத் தொடங்கினார்கள். என் காலடியில் சிமெண்டுத் தரை துடித்தது.

மாமா கேசட்டைப் போட்டார். பாட்டு கணீரென்று கேட்டது. நிறுத்தினார். ஸ்பீக்கர் சரி, ஆம்பிளிஃபையர் சரி. படத்தை இரண்டாவது மிஷினுக்கு மாற்றினார். அதிலும் ஊமை. "ரெண்டும் ஒண்ணாவா சாவும்? பெட்டிதான்" என்று முனகியபடி பெட்டியின் வயிற்றைத் திறந்து கார்டுகளை உருவினார். என் பென்சில் ரப்பரைப் பிடுங்கி, அவற்றின் செம்புப் பற்களைத் தேய்த்து, திரும்பச் செருகினார். ஒன்றுமில்லை.

முதலாளியின் தம்பி அறை வாசலில் நின்றார். "அஞ்சு நிமிசம். சவுண்டு வரல, சாவிய வெச்சிட்டு எறங்கிகினே இரு." போய்விட்டார்.

சொன்னால் அம்மா. சொல்லாவிட்டால் மாமா. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, நான் பொட்டு வெச்சேன். அம்மாகிட்ட சொல்லாத."

"மிசினுக்கா? வெச்சா இன்னா, போ அந்தாண்ட."

"உள்ள. கண்ணாடிக்கு."

திரும்பினார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மிஷினின் கீழ்க்கதவு திறக்கும் ஓசை கேட்டுக் கண்ணைத் திறந்தேன். தீக்குச்சியில் கைக்குட்டை முனையைச் சுற்றி, எச்சில் தொட்டு, சந்துக்குள் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி வசனத்திலிருந்து சத்தம் பீறிட்டது. கீழே கூட்டம் கூரை பெயர்கிற மாதிரிக் கத்தியது.

முதலாளியின் தம்பி மறுபடி வந்தார். "இன்னாத்தால வர்ல?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"பெட்டிதாங்க. பழசில்ல, கார்டு அப்பப்ப காலை வாரிடுது."

"அப்பவே சொன்னேன், கலீஜுன்னு. நீயா அதுவான்னா நீ இரு. நாளைக்கு அது போயிடணும்."

"சரிங்க" என்றார் மாமா. என்னிடம் குனிந்து, "கீழ போய் உக்காந்து படம் பாரு" என்றார்.

போய் உட்கார்ந்தேன். மழை இடது பக்கச் சுவரிலிருந்து பெய்தது. சுவர் நனைந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். குதிரை ஒன்று என் தலைக்குப் பின்னால் ஓடி வலது பக்கம் மறைந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா வந்துவிட்டாள் என்று உடம்பு தூக்கிப்போட்டது.

மறுநாள் இரண்டு பேர் பெட்டியைக் கயிறு கட்டிப் படியில் இறக்கினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பு அதனுடையதுதான் என்று அதற்குள் நானே நம்பத் தொடங்கியிருந்தேன். மாமா கீழே பார்க்கவில்லை. அறுந்த ஒயர் முனைகளில் டேப் சுற்றிக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் அறையில் இருப்பது உள்ளங்கை அகல ஸ்பீக்கர். கொட்டகைக்குள் இடமும் வலமுமாக விழும் சத்தம் அங்கே எட்டாது; மேலேயே இருந்த மாமா அதைக் கேட்டிருக்கவே இல்லை. அதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.

"நேத்து கீழ குந்தினியே," என்றார் மெதுவாக, "சவுண்டு எப்டி இருந்திச்சி?"

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். அம்மா கேட்டால் உளறிவிடுவேனா என்று பார்க்கிறார்.

"நான் ஒண்ணும் கேக்கல மாமா" என்றேன்.