விரல் நுனிவரை வந்த நரம்பு

எண்பதுகளில் கல்முனையில் தையற்கடை வைத்திருந்தேன். உடைந்த கண்ணாடி வெட்டி என் மணிக்கட்டு நரம்பு அறுந்தது. டொக்டர் தைத்துவிட்டார். அதன்பின் கிழமைக்கொரு தரம் கையைப் பார்த்தவர் கிளினிக்கில் இருந்த ஒரு தாதி, எங்கள் பேச்சில் மிஸ்ஸி. மெலிந்தவர், அதிகம் சிரிக்காதவர்; என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பார். என்னைக் கண்மூடச் சொல்லி விரல்களை ஊசியால் தொடுவார். பிறகு உள்ளங்கையைத் தட்டி, மின்சாரம் போல விறுவிறுவென்ற உணர்வு எட்டிய இடத்தைக் கிளினிக் அட்டையில் வரைந்த கைப்படத்தில் புள்ளியாக வைப்பார்.

மூன்று மாதமாகியும் விரல்கள் மரத்தே கிடந்தன. ஊசி பிடிக்க முடியாத தையற்காரனை யார் தேடுவார்கள்?

"தோல் ரெண்டு கிழமையில சேர்ந்திட்டு. நரம்புக்கு மட்டும் என்ன?" என்று சினந்தேன்.

"தோல்ல உயிர்க்கலங்கள் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு பெருகும் நானா. நரம்புக் கலம் அப்பிடிப் பிரியாது. அறுந்த இடத்தில இருந்து இழை மெல்ல மெல்ல நீண்டுதான் வரணும். இழை வந்து சேர்ந்த இடம்தான் இந்தப் புள்ளி; நகர்ந்திருக்கு, பாருங்க."

ஆறேழு மாதங்களின் பின் ஒருநாள் சுட்டுவிரலில் சுருக்கென்றது.

"குத்துது மிஸ்ஸி!"

அவர் ஊசியை வைத்துவிட்டு, அப்பால் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வராமலே போயிருந்தா?" என்று கேட்டேன்.

"கனபேருக்கு வாறதில்ல நானா. அவங்களையும் வாற கிழமை வாங்க எண்டுதான் கூப்பிடுறன். தனிய விட ஏலாதே."

ஒவ்வொரு கிழமையும் எவ்வளவு பயத்தோடு அந்த ஊசியை எடுத்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.